சட்டைப் பை எந்தப் பக்கம்? தாத்தாவுக்காகச் செய்த வேட்டை டயோரமா: ஒரு நிகழ்வு ஆய்வு

40 சென்டிமீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலமுள்ள மரத்தட்டின் மேல் ஒரு சதுப்பு நிலம். டயோரமா என்றால் ஒரு காட்சியைப் பின்னணியோடு முப்பரிமாணத்தில் வடித்த மாதிரி. பொழுது இன்னும் முழுதாக விடியவில்லை. நாணல்களுக்கு நடுவே கவிழ்த்த மரப்பெட்டியில் தாத்தா உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ஒரே போர்வைக்குள் இரண்டு பிள்ளைகள்: 11 வயது அத்தை, 8 வயது அப்பா. முன்னால் நாய், தலையைத் தூக்கிக் காதை நிமிர்த்தியபடி. செய்து முடிக்க ஏழு மாதம் ஆனது. அதில் இரண்டு மாத வேலையைப் பிரித்துப் போட்டு மறுபடி செய்ய வேண்டி வந்தது. ஏன் அப்படி ஆனது என்பதுதான் இந்த ஆய்வின் பெரும்பகுதி.

கையில் இருந்தவை

ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம், 6க்கு 9 சென்டிமீட்டர். தாத்தா பெட்டியில் உட்கார்ந்து துப்பாக்கியைத் தோளில் வைத்துக் குறிபார்ப்பது போல எடுத்த படம். காலடியில் நாய், ஓரத்தில் தண்ணீரை நோக்கிச் சாய்ந்த ஒரு மரம். அடுத்தது அந்த மரப்பெட்டி. அது இன்னும் வீட்டில் இருக்கிறது, பழைய செய்தித்தாள் அடுக்கப் பயன்படுகிறது. மூன்றாவது, தாத்தாவோடு அந்த நாணல்காட்டுக்குப் போய் உட்கார்ந்திருந்த இரண்டு பேருடைய ஞாபகம். அந்தத் துப்பாக்கியை எப்போதோ ஒப்படைத்துவிட்டார்கள். தாத்தா இறந்தபோது நான் கைக்குழந்தை.

முதலில் தீர்மானிக்க வேண்டியது எந்த நொடியைச் செய்வது என்பது. வேட்டை டயோரமா என்றால் சுடும் நொடி, விழும் பறவை, வாயில் கவ்வி வரும் நாய் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் ஒரு படம் வரைந்து அப்பாவிடம் காட்டினேன். அவர் நிறைய நேரம் பார்த்தார்.

"சுட்டது எத்தனைன்னு எனக்கு ஞாபகமே இல்லப்பா. குளிர்ல பேசாம உட்கார்ந்திருந்தது மட்டும்தான் ஞாபகம் இருக்கு."

அத்தை இன்னொன்று சொன்னார். "பிள்ளைங்க பக்கத்துல இருந்தா உங்க தாத்தா துப்பாக்கிய மடக்கித் திறந்தே வெச்சிருப்பாரு. பறவை வந்தாத்தான் மூடுவாரு. அந்த 'டக்' சத்தம் கேட்டா நாங்க காதப் பொத்திக்குவோம்."

அந்த 'டக்' சத்தத்துக்கு முந்திய நொடி என்று முடிவாயிற்று. துப்பாக்கி திறந்து முன்கையில் கிடக்கும். நாய்க்கு மட்டும் ஏதோ கேட்டிருக்கும். செத்த பறவை எதுவும் இருக்காது.

இதை மென்மையாகக் காட்டுவதற்காகச் செய்ததாகச் சிலர் நினைக்கலாம். அப்படி இல்லை, அந்த இருவருக்கும் தாத்தா என்றால் அந்தக் காத்திருப்புதான். நான் வேட்டையாடுபவன் இல்லை, இனி ஆடப்போவதும் இல்லை. ஆனாலும் வேட்டையைப் பின்னணியாக வைத்து ஒருவருக்கு அஞ்சலி செலுத்தலாமா என்று கொஞ்ச நாள் உறுத்தியது. அப்போது கார்ல் ஏக்லியைப் பற்றி நிறைய யோசித்தேன். 1890இல் மில்வாக்கி அருங்காட்சியகத்தில் நீரெலிகளை அவற்றின் சதுப்பு நிலத்தோடு சேர்த்துக் காட்சிப்படுத்தியவர் அவர். விலங்கை அது வாழும் இடத்தோடு காட்டும் முறைக்கு முன்னோடி. ஏராளமான விலங்குகளைச் சுட்டவரும் அவரே. கொரில்லாக்களைச் சுட்ட பிறகு மனம் மாறி, அவற்றுக்குப் பாதுகாப்பிடம் வேண்டும் என்று பெல்ஜிய அரசரிடம் வாதாடினார். 1925இல் காங்கோவில் ஆல்பர்ட் தேசியப் பூங்கா அமைந்தது. மறு ஆண்டு அங்கேயே, மிக்கேனோ மலைப்பகுதியில், இறந்தார். நியூயார்க் அருங்காட்சியகத்தில் அவர் பெயரால் 28 டயோரமாக்கள் கொண்ட கூடம் 1936இல்தான் திறந்தது. ஒரு மனிதரை அவர் வாழ்ந்தபடியே காட்டுவதில் தவறில்லை என்ற தெளிவு எனக்கு அங்கிருந்து வந்தது.

அளவு

1:35 அளவில், அதாவது நிஜத்தில் 35இல் ஒரு பங்கில், ஆயத்தப் பொருள்கள் அதிகம், ஆனால் பெரும்பாலும் போர்வீரர்களும் டாங்கிகளும்தான். 168 சென்டிமீட்டர் உயரமான தாத்தா அதில் 4.8 சென்டிமீட்டர்தான் வருவார். பிள்ளைகள் இன்னும் சிறிதாகிவிடுவார்கள். 1:24 எடுத்தால் தாத்தா 7 சென்டிமீட்டர், நாய் தோள்வரை ஏறத்தாழ 2 சென்டிமீட்டர். கையால் வடிக்கக்கூடிய அளவு. தட்டின் பரப்பும் நிஜத்தில் 9.6 மீட்டருக்கு 7.2 மீட்டர் ஆகிறது, ஒரு நாணல் மறைவிடத்துக்குப் போதும்.

மற்ற அளவுகளைக் கொடுத்தது பெட்டி. உயரம் 45 சென்டிமீட்டர் என்று அளந்தேன். படத்தில் அது 9 மில்லிமீட்டர். ஆக, பெட்டி இருக்கும் தூரத்தில் உள்ள எதற்கும் படத்தில் 1 மில்லிமீட்டர் என்றால் நிஜத்தில் 5 சென்டிமீட்டர். பெட்டிக்குப் பக்கத்து நாணல் படத்தில் 36 மில்லிமீட்டர், அதாவது 1.8 மீட்டர். அதை 24ஆல் வகுத்தால் 7.5 சென்டிமீட்டர். பழைய படத்திலிருந்து டயோரமா செய்கிற எவருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: படத்தில் தெரிகிற, இன்றும் கையில் இருக்கிற ஒரு பொருளைத் தேடுங்கள். நாற்காலி, கதவு, பெட்டி, எது கிடைத்தாலும் அது உங்கள் அளவுகோல். இது அதே தூரத்தில் இருப்பவற்றுக்கு மட்டுமே பொருந்தும். பின்னால் நின்ற மரத்துக்கு இதே கணக்கைப் போட்டு, மரத்தை முதலில் குட்டையாகச் செய்துவிட்டேன்.

தவறு

அத்தை, அப்பா இருவரும் ஒன்றில் மட்டும் ஒத்துப்போகவில்லை. படத்தில் துப்பாக்கி தாத்தாவின் இடது தோளில் இருக்கிறது. அத்தை, "இடது தோள்தான். படம் இருக்கே, பாரேன் தம்பி" என்றார். அப்பா, "இல்லக்கா, அப்பா எல்லாம் வலது கைதான்" என்றார். இன்னொரு நாள், நான் தட்டின் வலப்பக்கம் மரத்தை நட்டிருந்ததைப் பார்த்து, "மரம் இந்தப் பக்கமாப்பா இருந்துச்சு? எனக்கு என்னவோ மாதிரி இருக்கு" என்றார்.

நான் படத்தை நம்பினேன். அறுபது வருடத்துக்கு முந்திய ஞாபகம் எப்படிச் சரியாக இருக்கும் என்று மனதுக்குள் ஒதுக்கிவிட்டேன். மரம் வலது, வெளிச்சமும் வலது. படத்தில் வெயில் வலப்பக்கமிருந்து விழுகிறது. அதை வைத்துப் பின்திரையை வரைந்தேன். உருவங்களுக்குக் கறுப்பு பிரைமர் (அடிப்பூச்சு) அடித்து, வெயில் வரும் திசையிலிருந்து மட்டும் வெள்ளையை மென்மையாகத் தூவினேன். இப்படிச் செய்தால் மேலே பூசும் மெல்லிய வண்ணத்துக்குள் நிழலும் வெளிச்சமும் தானாகவே அமையும். இந்த முறையில் வெளிச்சத்தின் திசை ஒருமுறை உறைந்துவிட்டால் பிறகு மாற்ற முடியாது.

தாத்தாவின் சட்டைக்குப் பை வடிக்க உட்கார்ந்த அன்றுதான் விஷயம் புரிந்தது. 11 சென்டிமீட்டர் அகலப் பை இந்த அளவில் 4.6 மில்லிமீட்டர். சரியாக எங்கே வைப்பது என்று உருப்பெருக்கியில் படத்தைப் பார்த்தேன். பை அவருடைய வலது மார்பில் இருந்தது. ஆண்கள் சட்டையில் பை வைப்பது இடது மார்பில்தானே? பொத்தான் வரிசையைப் பார்த்தேன். ஆண்கள் சட்டையில் இடப்பக்கத் துணி மேலே வரும், பொத்தான் துளைகள் அதில் இருக்கும். படத்தில் வலப்பக்கத் துணி மேலே இருந்தது.

படமே கண்ணாடி பிம்பம் போலத் திரும்பியிருந்தது. பிரதி எடுக்கும்போது நெகட்டிவைப் புறம் மாற்றி வைத்துவிட்டால் இப்படி ஆகும். முகத்தில் அது தெரியாது. எழுத்து ஏதாவது இருந்தால் உடனே தெரிந்திருக்கும், நாணல்காட்டில் எழுத்து எங்கே இருக்கும்?

படத்தை ஸ்கேன் செய்து இடம் வலமாகத் திருப்பி, பெரிதாக அச்சிட்டு அப்பாவிடம் கொடுத்தேன். நான் எதுவும் சொல்லவில்லை. அவர் விரல் நேராக மரத்துக்குப் போனது. "ஆங்... இப்பத்தான் சரியா இருக்கு. சூரியன் இந்தப் பக்கம்தான் வரும்." அத்தை இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தவறு படத்துடையது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஒரே விஷயத்தில் அப்பா இரண்டு முறை, இரண்டு தனித்தனி இடங்களில், ஒரே மாதிரிச் சந்தேகப்பட்டார். தோளும் மரமும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. இரண்டும் ஒரே திசையில் தவறாகத் தெரிகின்றன என்றால் அங்கே நின்று யோசித்திருக்க வேண்டும். அவருக்கு வயதாகிவிட்டது என்று நினைத்து நான் கேட்காமல் விட்டேன். அது எனக்கு இன்னும் வலிக்கிறது.

மரம், பின்திரை, மூன்று உருவங்களின் வண்ணம், நாய் எல்லாம் போயின. சரி, மறுபடி முதலிலிருந்து.

உருவங்கள்

0.8 மில்லிமீட்டர் கம்பியில் எலும்புக்கூடு போல ஒன்று முறுக்கி, அதன் மேல் இரண்டு பகுதி கலக்கும் எபாக்சி புட்டியைச் சிறிது சிறிதாக ஏற்றினேன். ஒரே நாளில் முழு உருவத்தையும் செய்ய முயன்றால் முதுகைத் திருத்தும்போது முகம் நசுங்கும். உடம்பு ஒரு நாள், கை மறுநாள், துணி மடிப்பு அதற்கு அடுத்த நாள்.

தாத்தாவின் தலை 1 சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. அதில் முகச்சாயல் கொண்டுவர மூன்று வாரம் போராடினேன். வரவில்லை. பிறகு வேறு வழியில் போனேன். ஆளை நாம் தூரத்தில் அடையாளம் காண்பது முகத்தால் இல்லை, நிற்கிற உட்கார்கிற தோரணையால். படத்தில் தாத்தாவின் ஒரு தோள் தாழ்ந்திருக்கிறது, கழுத்து கொஞ்சம் முன்னால் நீண்டிருக்கிறது. கறுப்புத் தாளில் நான்கு விதமான உட்கார்ந்த உருவங்களை வெட்டினேன், முதுகுப்பக்கம் தெரியும்படி. எதையும் சொல்லாமல் அத்தையிடம் காட்டினேன். மூன்றாவதை எடுத்து, "இது அப்பா" என்றார். அந்தத் தோரணையில் கம்பியை வளைத்தேன். முகத்தில் கண்ணே வரையவில்லை, தொப்பியின் நிழல்தான் இருக்கிறது. இதுவரை யாரும் கண் எங்கே என்று கேட்கவில்லை.

துப்பாக்கி இரட்டைக் குழல், 12 போர். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம குண்டுகளாக வார்த்தால் ஒரு குண்டின் விட்டம் எவ்வளவோ, அதுதான் 12 போர் குழலின் உள்விட்டம், ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். 1:24இல் 0.77 மில்லிமீட்டர். 1 மில்லிமீட்டர் பித்தளைக் குழாய் இரண்டை 3 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி ஒட்டினேன், அது நிஜத்தில் 28 அங்குலக் குழல். திறந்து கிடப்பதால் குழலின் பின்வாய் தெரியும். ஊசி முனையால் அதைச் சுத்தம் செய்து உள்ளே காலியாகவே விட்டேன். உற்றுப் பார்த்தால் தோட்டா இல்லாதது தெரியும்.

மண், நாணல், தண்ணீர்

அந்தச் சதுப்புக் கரையிலிருந்து அப்பா ஒரு பிடி மண் கொண்டுவந்தார். அப்படியே போடக்கூடாது. சூட்டு அடுப்பில் நன்றாகக் காயவைத்தால்தான் பூச்சி முட்டையும் பூஞ்சையும் போகும். பிறகு சலிக்க வேண்டும், ஏனென்றால் அரை மில்லிமீட்டர் மணல் இங்கே 12 மில்லிமீட்டர் கூழாங்கல். துணியிலும் இதே சிக்கல். தாத்தாவின் பழைய கித்தான் பையிலிருந்து துண்டு வெட்டிப் போர்வை செய்ய ஆசைப்பட்டேன். அதன் ஒவ்வோர் இழையும் இந்த அளவில் கயிறு போல இருந்தது. போர்வையைப் புட்டியிலேயே வடித்தேன்.

நாணலுக்குச் சணல் நாரும் காய்ந்த புல்காம்பும். கரைப்புல்லுக்கு நைலான் இழை, நிலைமின்சாரத்தால் நிமிர்ந்து நிற்கும் வகை. பின்னால் போகப் போக நாணலைக் குட்டையாக்கி, கடைசி வரிசையை 1:48 அளவுக்குக் கொண்டுவந்தேன். பின்திரையை வளைவாக வைத்தேன். மூலை தெரிந்தால் கண் அது பெட்டி என்று கண்டுபிடித்துவிடும், வளைவில் அந்தத் தடயம் கிடைக்காது. வாத்துகளைக் கம்பியில் தொங்கவிடவில்லை. பின்திரையில், வெகு தூரத்தில், ஐந்து புள்ளிகளாக வரைந்திருக்கிறேன். நாய் பார்ப்பது அந்தத் திசை.

தண்ணீரில் இரண்டாவது பெரிய சறுக்கல். தண்ணீருக்காக ஊற்றியது எபாக்சி ரெசின், ஊற்றிய பிறகு இறுகும் தெளிவான பிசின். அது இறுகும்போது சூட்டை வெளியிடும். ஊற்றும் கனம் கூடினால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சேரும், சேர்ந்த சூடு இறுகுவதை இன்னும் வேகப்படுத்தும். தெரிந்திருந்தும் அவசரப்பட்டு ஒரே தடவையில் 15 மில்லிமீட்டர் ஊற்றினேன். அரை மணியில் கை வைக்க முடியாத சூடு. கீழே இருந்த ஃபோம் பலகை இளகிக் குழிந்தது, ரெசின் மஞ்சளாகி நடுவில் விரிசல் விட்டது. குளத்தை ரம்பத்தால் அறுத்து எடுத்தேன்.

இரண்டாவது முறை ஆழத்தையே குறைத்தேன். ஆழம் ரெசினின் கனத்தால் தெரிவதில்லை, அடியில் பூசிய வண்ணத்தால்தான் தெரிகிறது. கரையோரம் காவிப் பழுப்பு, உள்ளே போகப் போகக் கரும்பச்சை, நடுவில் கிட்டத்தட்டக் கறுப்பு. ஊற்றும் முன் தரையை இரண்டு கை வார்னிஷ் அடித்து மூடினேன், இல்லாவிட்டால் மண்ணில் உள்ள காற்று குமிழியாக ஏறும். 3 மில்லிமீட்டராக மூன்று அடுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடைவெளி. ரெசின் நாணல் தண்டில் மேலே ஏறி, ஒவ்வொரு தண்டிலும் பளபளப்பான வளையம் விட்டது. மங்கல் வார்னிஷைத் தூரிகை நுனியால் ஒவ்வொன்றிலும் வைத்து மறைத்தேன். நாணல் நூற்றுக்கு மேல். கையுறை இல்லாமல் இறுகாத ரெசினைத் தொடவே கூடாது, ஒருமுறை தோலுக்கு ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு அது போவது கடினம்.

மூடுபனிக்குப் பஞ்சு வைத்துப் பார்த்தேன். பஞ்சு பஞ்சாகத்தான் தெரிந்தது. எடுத்துவிட்டு வெளிச்சத்தால் செய்தேன். மேலே 6500 கெல்வின் குளிர்நிற எல்இடி, மிக மங்கலாக. இடப்பக்கம் தரைமட்டத்துக்குச் சற்று மேலே 2700 கெல்வின் மஞ்சள்நிற எல்இடி ஒன்று. அறை விளக்கை அணைத்தால் மூவர் முதுகிலும் நீலம், கன்னத்தில் மட்டும் மஞ்சள்.

மூடி

அத்தைக்கு ஒரு விருப்பம் இருந்தது. தாத்தாவின் பெட்டியில் கிடந்த நாலைந்து ஈயச் சன்னங்களைத் தட்டுக்கு அடியில் வைக்க வேண்டும் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மூடிய மரப்பெட்டிக்குள் மரத்திலிருந்தும் சிலவகைப் பசைகளிலிருந்தும் அசெட்டிக் அமில ஆவி வரும். அது ஈயத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கும். ஈயத்தில் வார்த்த பழைய பொம்மை வீரர்கள் பலர் அலமாரிக்குள்ளேயே இப்படித்தான் அழிந்தார்கள். அந்தப் பொடி நஞ்சும்கூட. அத்தை கொஞ்சம் வருத்தப்பட்டார். அப்புறம் உள்ளே போய்த் தையல் டப்பாவைக் கொண்டுவந்து, தாத்தாவின் சட்டைப் பொத்தான் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். தட்டின் அடியில் ஒரு குழி தோண்டி அதைத் திருத்திய படத்தோடு வைத்து மூடியிருக்கிறேன். 1:24இல் அந்தப் பொத்தான் அரை மில்லிமீட்டர்கூட வராது. தாத்தாவின் சட்டையில் அதை ஒரு புள்ளியாகத்தான் வைக்க முடிந்தது, ஆனால் சரியான பக்கத்தில்.

அக்ரிலிக் மூடியை ஒட்ட சூப்பர் குளூ பயன்படுத்தவில்லை. அதன் ஆவி தெளிவான பிளாஸ்டிக்கில் வெள்ளைப் புகை போலப் படியும். மூடி வெறுமனே பள்ளத்தில் உட்காரும். வண்ணமும் பசையும் முழுதாகக் காயட்டும் என்று மூன்று வாரம் திறந்தே வைத்திருந்தேன். வெயில் நேராகப் படாத சுவரைத் தேர்ந்தோம், புற ஊதாக் கதிர் பட்டால் ரெசின் மஞ்சளாகும்.

14 மாதம் கழித்து

ரெசினில் நிறமாற்றம் கண்ணுக்குத் தெரியவில்லை. சணல் நாணல் நான்கு தலைசாய்ந்துவிட்டன, அடுத்த முறை கம்பி வைத்துச் செய்வேன். பின்திரையின் இடது ஓரம் ஒரு மில்லிமீட்டர் விலகியிருக்கிறது. எட்டு வயது உருவம் வானத்தைப் பார்க்கக்கூடாது, அன்று தான் தாத்தாவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்ததாக அப்பா சொன்னார், அந்தத் தலையை மட்டும் வெட்டித் திருப்பி ஒட்டினேன். போர்வை யாருடையது என்பதில் அக்காவும் தம்பியும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

டயோரமாவுக்கு மேலே சுவரில் பழைய புகைப்படம் திரும்பியபடியேதான் தொங்குகிறது. திருத்திய பிரதியை மாட்டலாம் என்றேன். அத்தை விடவில்லை, "இத்தனை வருஷம் இதைத்தான் பார்த்தேன், இருக்கட்டும்" என்றார். வருகிறவர்கள் மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை பார்த்துவிட்டு மரம் ஏன் பக்கம் மாறியிருக்கிறது என்று கேட்கிறார்கள். அப்பா உருப்பெருக்கியை எடுத்துக்கொண்டு எழுந்து வந்து, முதலில் சட்டைப் பையைக் காட்டுகிறார்.